கனெலும் சினமோமும்: இடைக்கால இங்கிலாந்தில் இலவங்கப்பட்டை

இடைக்கால ஆங்கிலச் சமையற் குறிப்புகளில் ஓரிடத்தில் ‘கனெல்’ என்றும் வேறோரிடத்தில் ‘சினமோம்’ என்றும் வருகிறதே, இரண்டும் ஒரே பட்டைதானா, அல்லது முன்னது தடித்த காசியாப் பட்டை, பின்னது மெல்லிய இலங்கைக் கறுவா என்று பிரித்துக்கொள்ள வேண்டுமா, அதை அந்நாட்டவர் எதற்கெல்லாம் பயன்படுத்தினார்கள் என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலான இடங்களில் இரண்டு சொற்களும் ஒரே சரக்கைத்தான் குறிக்கின்றன என்பதே என் விடை. எழுதியவர் எந்த மொழியிலிருந்து சொல்லை எடுத்தார் என்பதே பெயரைத் தீர்மானித்தது. பட்டையின் இனம் அன்று. இதற்கு ஒரு முக்கியமான விதிவிலக்கு உண்டு. பிரபுக்களின் மேசைக்கு மது தயாரித்த பணியாளர்களிடம் அவ்விரு பெயர்களும் உண்மையிலேயே இரண்டு தரங்களாகப் பிரிந்து நின்றன. அந்த ஒரு விதிவிலக்கைப் பொது விதியாக்கி எல்லாக் குறிப்புகளையும் படிப்பதால்தான் குழப்பம் வருகிறது.

முதலில் சொற்கள் வந்த வழியைப் பார்ப்போம். லத்தீனில் ‘கன்னா’ என்றால் நாணல். அதன் சிறுமைப் பெயராகிய ‘கன்னெல்லா’, சிறு நாணற்குழல் போலச் சுருண்டிருக்கும் பட்டைக்கு இடைக்கால லத்தீனில் பெயராயிற்று. அது பிரெஞ்சில் ‘கனெல்’ ஆகி, நார்மன் வெற்றிக்குப் பின் பிரெஞ்சு பேசிய அரசவையின் வழியாகவும் வணிகர் வழியாகவும் ஆங்கிலத்துக்குள் வந்தது. ‘சினமோம்’ அதைவிட மிகப் பழைய சொல். எபிரேயத்தில் ‘கின்னமோன்’ என்றிருந்த செமித்தியச் சொல் கிரேக்கத்துக்குப் போய், அங்கிருந்து லத்தீனில் ‘சின்னமோமும்’ ஆகி, விவிலியத்தின் வழியாகவும் மருத்துவ நூல்களின் வழியாகவும் இங்கிலாந்தை அடைந்தது. கிரேக்கர்கள் இச்சொல்லைப் பினீசியரிடமிருந்து கற்றதாகப் பண்டைக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸே எழுதிவைத்திருக்கிறார். ஆகவே கனெல் கடைத்தெருவிலும் அடுக்களையிலும் புழங்கிய பெயர், சினமோம் ஏட்டின் பெயர் என்று முதற்கட்டமாக வைத்துக்கொள்ளலாம்.

14ஆம் நூற்றாண்டின் ஆங்கில எழுத்தாளர்களிடம் இதைச் சோதித்துப் பார்க்க முடியும். சாசர் எழுதியது என்று பெரும்பாலும் ஏற்கப்படும் ரோஜாக் காவிய மொழிபெயர்ப்பின் முதற்பகுதியில், தோட்டத்து நறுமண மரங்களை அடுக்கும் இடத்தில் கிராம்பு, அதிமதுரம், இஞ்சி ஆகியவற்றோடு ‘கனெல்’ வருகிறது. மூலம் பிரெஞ்சு என்பதால் பிரெஞ்சுச் சொல் அப்படியே கூட வந்துவிட்டது. அதே சாசர் கேன்டர்பரிக் கதைகளில், மில்காரன் சொல்லும் கதையில், அப்சலோன் என்னும் கோயிற் பணியாள் ஒரு தச்சனின் மனைவியை நள்ளிரவில் சன்னலடியில் நின்று கெஞ்சும்போது ‘என் இனிய சினமோமே’ என்று அவளை அழைக்க வைக்கிறார். அங்கே எதிரொலிப்பது விவிலியத்தின் உன்னதப்பாட்டு. அந்தப் புனிதக் காதல்மொழியை இந்த அசட்டுக் காதலன் வாயில் போடுவதுதான் சாசரின் குறும்பு. ஏட்டுச் சொல் அந்த இடத்துக்குத்தான் பொருந்தும். கடைச்சொல்லைப் போட்டிருந்தால் நையாண்டி பாதி செத்திருக்கும். எழுதியவர் ஒருவர், பட்டையும் ஒன்று, பெயர் மட்டும் இரண்டு.

ஆனால் ஏடு, கடை என்ற பிரிவையும் இரும்பு வேலியாகக் கருதக் கூடாது. அதே நூற்றாண்டின் இறுதியில், விக்ளிஃப் என்னும் ஆங்கிலச் சமயச் சீர்திருத்தவாதியைச் சேர்ந்தோர் விவிலியத்தை லத்தீனிலிருந்து ஆங்கிலமாக்கியபோது, மூலத்தில் ‘சின்னமோமும்’ என்று கண்ணெதிரே இருந்தும், யாத்திராகமத்தின் அபிஷேகத் தைலக் குறிப்பில் ‘கனெல்’ என்றே எழுதினார்கள். நீதிமொழிகளில் மயக்குகிற பெண் தன் படுக்கையில் தெளிப்பதும் அவர்கள் மொழியில் கனெல்தான். சாதாரண மனிதருக்குப் புரிய வேண்டும் என்பது அவர்களுடைய நோக்கம். சாதாரண மனிதர் அறிந்த பெயர் கனெல். 1330ஐ ஒட்டி அயர்லாந்தில் எழுதிவைக்கப்பட்ட கொக்கேன் நாட்டுப் பாட்டு இன்னொரு நல்ல சான்று. உழைக்காமல் உண்ணும் அந்தக் கற்பனை நாட்டில் ஒரு மரம் நிற்கிறது. அதன் வேர் இஞ்சி, பூ சாதிபத்திரி, கனி கிராம்பு, தோல் ‘இனிய மணமுள்ள கனெல்’. இஞ்சி கிழங்கு, கனெல் மரத்தோல் என்கிற அளவுக்குப் பாடியவருக்குத் தெளிவு இருந்திருக்கிறது. இவற்றையெல்லாம் ஒரே மரத்தில் ஏற்றியதுதான் கற்பனை.

இனி அந்த விதிவிலக்குக்கு வருவோம். க்ளஸ்டர் கோமகன் ஹம்ஃப்ரியிடம் பணியாற்றிய ஜான் ரஸ்ஸல் என்பவர் 15ஆம் நூற்றாண்டின் நடுவில், பிரபுக்களின் வீட்டில் பணிபுரிய வரும் இளைஞனுக்குச் செய்யுள் நடையில் ஒரு பயிற்சி நூல் எழுதினார். அதில் ‘இப்போகிராஸ்’ என்னும் மசாலா மதுவைத் தயாரிக்கும் பகுதியில், பிரபுக்களுக்கு ஒரு பட்டியலும் பொதுமக்களுக்கு ஒரு பட்டியலும் தருகிறார். முன்னதில் இஞ்சி, சினமோம், ‘சொர்க்கத்து மணிகள்’ எனப்பட்ட மேற்கு ஆப்பிரிக்கக் கார விதை, சர்க்கரை, நிறத்துக்குச் சாயச்செடி. பின்னதில் இஞ்சி, கனெல், திப்பிலி, காய்ச்சித் தெளியவைத்த தேன். அதோடு விடாமல், சினமோம் குச்சிகள் மெல்லியனவாக, எளிதில் நொறுங்குவனவாக, நல்ல நிறமுடையனவாக இருக்க வேண்டும், வாயிலிட்டால் புதுமையும் காரமும் இனிப்பும் தெரிய வேண்டும், இந்த வேலைக்குக் கனெல் அவ்வளவு நல்லதன்று என்று தெளிவாகவே சொல்லிவிடுகிறார்.

அவர் சொல்லும் அடையாளங்களை இன்று நம் மளிகைக் கடையில் வைத்துப் பார்த்தாலும் பொருந்துகின்றன. இலங்கைக் கறுவாவில் புறத்தோலைச் சீவி எறிந்துவிட்டு உட்பட்டையை மட்டும் மெல்லிய சுருள்களாக உரித்து, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிக் காயவைப்பதால், குச்சி வெளிர்பழுப்பாக, பல அடுக்குள்ளதாக, விரலாலேயே நொறுக்கக்கூடியதாக இருக்கும். காசியாவோ தடித்த ஒற்றைச் சுருள். செம்பழுப்பு நிறம், உடைக்கக் கடினம், காரம் மிகுதி, மென்மை குறைவு. ரஸ்ஸலின் சினமோம் முன்னது போன்ற சரக்கு, அவருடைய கனெல் பின்னது போன்ற சரக்கு என்று ஊகிப்பதில் தவறில்லை. ஆனால் அவர் பிரித்தது தரத்தையும் விருந்தினரின் தகுதியையும்தான், மரத்தின் இனத்தை அன்று. பட்டை எந்த மரத்திலிருந்து உரிக்கப்பட்டது என்பதை நேரில் கண்டவர் எவரும் அந்த விருந்து மண்டபத்தில் இருந்திருக்க முடியாது. மேலும், ரஸ்ஸலுக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் முந்திய, மன்னர் இரண்டாம் ரிச்சர்டின் சமையற்காரர்கள் 1390ஐ ஒட்டித் தொகுத்த நூலில், அரசனின் இப்போகிராஸுக்கே மூன்று அவுன்ஸ் கனெல், மூன்று அவுன்ஸ் இஞ்சி என்றுதான் குறிப்புத் தொடங்குகிறது. கனெல் என்றால் மட்டரகம் என்று அங்கே பொருள் கொண்டால், இங்கிலாந்தின் மிக ஆடம்பரமான அரசவை மட்டச் சரக்கைக் குடித்ததாக ஆகிவிடும், அது பொருந்தாது.

அதே குறிப்பில் இன்னொரு புதிரும் இருக்கிறது. கனெலைச் சொன்ன பிறகு, பட்டியலின் கடைசியில் ‘கனெல் ஃப்ளவர்’ என்று தனியாக ஒரு பொருள் வருகிறது. அக்கால ஆங்கிலத்தில் மாவுக்கும் பூவுக்கும் ஒரே சொல், ஒரே எழுத்து. பூப்போல நேர்த்தியான பாகம் என்ற பொருளிலிருந்துதான் மாவு என்ற பொருளே கிளைத்தது. பல குறிப்புகளில் ‘கனெல் ஃப்ளவர்’ என்றால் நன்றாகச் சலித்த பட்டைத்தூள் என்று கொள்வது போதும். பட்டையே மூன்று அவுன்ஸ் போட்டபின் தனியாக அரை அவுன்ஸ் கேட்கும் இந்த இடத்தில், அது காய்ந்த பூமொட்டாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. காசியா மரத்தின் மொட்டும் சிறு கிராம்பு போல மணக்கும் ஒரு சரக்குதான்.

பெயர்க் குழப்பத்தைப் பற்றிப் பேசும்போது நாம் ஆங்கிலேயரைப் பார்த்துச் சிரிக்க முடியாது. வடமொழியில் ‘லவங்கம்’ என்றால் கிராம்பு. நம்மிலும் பலர் கிராம்பை இலவங்கம் என்கிறார்கள். ஆனால் ‘இலவங்கப்பட்டை’ கிராம்பு மரத்தின் பட்டையன்று. இலங்கைத் தமிழர் ‘கறுவா’ என்று தனிப்பெயர் வைத்துக்கொண்டதால் அந்தச் சிக்கலிலிருந்து தப்பினார்கள். இடைக்கால மருத்துவ நூல்களைப் படிப்பவர் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய மூன்றாவது பெயர் ‘காசியா ஃபிஸ்துலா’. பண்டைய ரோமரிடம் அது குழல்போலச் சுருண்ட காசியாப் பட்டை. பின்னாளில் அதே பெயர், குழல்போன்ற நீண்ட காய் காய்க்கும் வேறொரு மரத்துக்குப் போய்விட்டது. அது நம் சரக்கொன்றை. இடைக்கால மருத்துவர் மலமிளக்கியாகக் காசியா ஃபிஸ்துலா எழுதினால் அது கொன்றைக் காயின் உள்ளிருக்கும் கருஞ்சதை. அந்த இடத்தில் பட்டையைப் போட்டு மொழிபெயர்த்தவர்களும் உண்டு.

சரக்கு எங்கிருந்து வருகிறது என்பதைப் பற்றி ஐரோப்பாவில் நிலவிய கதைகள் தனிச்சுவை உடையவை. பெரும் பறவைகள் எங்கிருந்தோ பட்டைக் குச்சிகளைக் கொண்டுவந்து செங்குத்தான பாறைகளில் கூடு கட்டுகின்றன என்று ஹெரோடோட்டஸ் எழுதினார். அந்தப் பறவை இடைக்கால விலங்கு நூல்களுக்குள்ளும் புகுந்து, ஈயம் பொருத்திய அம்பெய்து கூட்டை வீழ்த்தும் மனிதரோடு படமாகவே வரையப்பட்டது. ஆனால் எல்லாரும் நம்பிவிடவில்லை. 13ஆம் நூற்றாண்டில் பர்த்தலோமியு என்னும் ஆங்கிலத் துறவி தொகுத்த கலைக்களஞ்சியத்தை ஜான் ட்ரெவிசா 1398–99இல் ஆங்கிலமாக்கினார். அதில் பறவைக் கதையைச் சொல்லிவிட்டு, சரக்கின் விலையை ஏற்றுவதற்காகக் கட்டிய கதை இது என்று உடனே மறுப்பும் வருகிறது. அந்த மறுப்பின் வேர் பண்டைய ரோம எழுத்தாளர் பிளினியிடம் இருக்கிறது. ஆயினும் பிளினியைப் பின்பற்றி எத்தியோப்பியாவைத்தான் பிறப்பிடமாகக் காட்டினார்கள். செங்கடல் வழியாக வந்த சரக்கை, அது கடைசியாகக் கைமாறிய கரையின் விளைச்சலாகவே எடுத்துக்கொண்டார்கள்.

உண்மையான இடத்தை நேரில் அறிந்து எழுதியவர்கள் மிகச் சிலர். அவர்களில் இருவர் நம் கரையோடு தொடர்புடையவர்கள். 13ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில், பாண்டியர் ஆட்சியிலிருந்த மாபர் என்னும் சோழமண்டலக் கரையில் தங்கிய மொன்டெகோர்வினோ ஜான் என்ற இத்தாலியப் பாதிரியார், கனெல் மரம் அவ்வளவு உயரமில்லாதது, தண்டும் பட்டையும் இலையும் லாரல் மரத்தைப் போன்றவை, மாபருக்கு அருகிலுள்ள தீவிலிருந்து பெருமளவில் ஏற்றுமதியாகிறது என்று எழுதினார். 1344இல் இலங்கையின் புத்தளத்தில் இறங்கிய மொராக்கோப் பயணி இப்னு பதூதா, ஆற்று வெள்ளம் அடித்துக்கொண்டு வந்த கறுவாக் கட்டைகள் கரையில் மலைபோலக் குவிந்து கிடந்ததையும், மாபர் மக்களும் மலபார் மக்களும் அவற்றை விலையின்றி எடுத்துக்கொண்டு, அதற்கு ஈடாக அரசருக்குத் துணி போன்றவற்றை அன்பளிப்பாகத் தந்ததையும் பதிவுசெய்கிறார். அந்த அரசர் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி. ஒரு முழத் துணிக்குக் கைமாறிய அதே கட்டை, லண்டன் தராசில் அவுன்ஸ் கணக்கில் நிறுக்கப்படுவதற்குள் எத்தனை கைகளையும் எத்தனை சுங்கச் சாவடிகளையும் கடந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தால், பறவைக் கதைக்கு அவசியமே இருக்கவில்லை.

செங்கடலிலிருந்து எகிப்து, அலெக்சாந்திரியாவில் வெனிஸ் வணிகர், அங்கிருந்து இத்தாலி என்பதே சரக்கு வந்த முதன்மையான வழி. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து வெனிஸ் நகரத்தின் கலங்கள் ஜிப்ரால்டரைச் சுற்றி ஃபிளாண்டர்ஸுக்கும் இங்கிலாந்துக்கும் வரத் தொடங்கின. சவுத்தாம்ப்டனில் இறங்கிய சரக்கு வண்டிகளில் லண்டனுக்குப் போனது. லண்டனில் இதைக் கையாண்டவர்கள் முதலில் மிளகு வணிகர். அவர்களுடைய குழு 1180ஆம் ஆண்டின் அரசக் கணக்கிலேயே காணப்படுகிறது. பின்னாளில் அவர்கள் மொத்த வணிகர் சங்கமாகி, 1428இல் அரச சாசனம் பெற்றார்கள். மூட்டைகளைச் சலித்து, தூசியும் கலப்படமும் நீக்கித் தரம் பார்க்கும் உரிமை அவர்களிடம் இருந்தது. இந்த இறக்குமதி எல்லாருக்கும் பிடித்திருந்தது என்று சொல்ல முடியாது. 1436ஐ ஒட்டி எழுதப்பட்ட ஓர் அரசியல் செய்யுள், வெனிஸ், ஃபிளாரன்ஸ் கலங்கள் மசாலாவையும் பகட்டுப் பொருள்களையும் கொண்டுவந்து கொட்டிவிட்டு நாட்டின் நல்ல கம்பளியை அள்ளிப் போகின்றன என்று முறையிடுகிறது.

இனிப் பயன்கள். கெட்டுப்போன இறைச்சியின் நாற்றத்தை மறைக்கவே மசாலா இட்டார்கள் என்று இன்றும் பலர் எழுதுகிறார்கள். இது அடிப்படையில்லாத பேச்சு. பட்டை வாங்கும் வசதி படைத்தவருக்குப் புதிய இறைச்சி எளிதில் கிடைத்தது. இறைச்சியைவிடப் பட்டைதான் அரிய பொருள். அவர்கள் அதை விரும்பியது மணத்துக்காகவும், நிறத்துக்காகவும், வீட்டின் செல்வத்தைத் தட்டில் காட்டுவதற்காகவும், உடலுக்கு ஏற்றது என்ற நம்பிக்கைக்காகவும்தான்.

சமையலில் கனெலின் சிறந்த இடம் ‘கேமலின்’ என்னும் காய்ச்சாத சாறு. ஒட்டகத் துணியின் பழுப்பு நிறத்திலிருந்து வந்த பெயர் அது. ஒலியில் கனெலுக்கு அருகில் இருப்பது தற்செயல். இரண்டாம் ரிச்சர்டின் சமையல் நூல், உலர்திராட்சை, கொட்டைப் பருப்பு, ரொட்டி ஓரம், இஞ்சித்தூள், கிராம்பு, கனெல் தூள் ஆகியவற்றைச் சேர்த்து நன்றாக இடித்து, உப்பிட்டு, வினிகரில் கரைத்துப் பரிமாறச் சொல்கிறது. புளிப்பும் இனிப்பும் காரமும் சேர்ந்து நிற்பதால், நம் ஊர்த் துவையலையும் புளிச்சட்னியையும் அறிந்தவருக்கு இது அந்நியமாகத் தோன்றாது. நாரை, கொக்கு, உள்ளான் வகைப் பறவைகளுக்கு இதைத் தொட்டுக்கொள்ள வைக்க வேண்டும் என்பது ரஸ்ஸலின் விதி. இது தவிர, இறைச்சிக் குழம்பிலும், பழக்கூழிலும், நோன்பு நாட்களில் பாதாம்பால் சேர்த்துச் செய்யும் மீன் உணவிலும் பட்டைத்தூள் வருகிறது. இனிப்புக்கு மட்டும் பட்டை என்ற பிற்கால ஆங்கில வழக்கம் அப்போது இல்லை. இறைச்சியில் பட்டை சேர்ப்பதில் அவர்கள் இன்றைய ஆங்கிலேயரைவிட நமக்கு நெருக்கமானவர்கள்.

எனக்கு மிகவும் பிடித்த குறிப்பு, 1430ஐ ஒட்டிய ஒரு கையெழுத்துப் பிரதியிலுள்ள ‘இஞ்சி ரொட்டி’. தேனைக் காய்ச்சி நுரை நீக்கி, குங்குமப்பூவும் மிளகுத்தூளும் இட்டு, துருவிய ரொட்டியைத் துண்டு போடும் பதம் வரும்வரை சேர்த்து, மேலே தாராளமாகக் கனெல் தூளைத் தூவி, சதுரமாக்கி, கிராம்பைக் கொண்டு இலைகளைக் குத்தி அலங்கரிக்க வேண்டும்; சிவப்பு வேண்டுமானால் செஞ்சந்தனம் சேர்க்கலாம். பெயரில் இருக்கும் இஞ்சி குறிப்பில் எங்குமே இல்லை. எழுதியவர் மறந்துவிட்டார் என்பாரும் உண்டு. பெயரே முன்பு பதப்படுத்திய இஞ்சியைக் குறித்து, பிறகு இத்தகைய பண்டத்துக்கு இடம்பெயர்ந்தது என்பாரும் உண்டு. எப்படியானாலும் அந்தப் பிரதிப்படி செய்தால் வாயில் நிற்கும் மணம் பட்டையினுடையதுதான்.

இப்போகிராஸுக்குத் திரும்பினால், அதன் பெயர் மருத்துவர் ஹிப்போகிராட்டஸிடமிருந்து வந்தது. மருந்துக்கடைக்காரர்கள் வடிகட்டப் பயன்படுத்திய கூம்பு வடிவத் துணிப்பைக்கு ‘ஹிப்போகிராட்டஸின் சட்டைக்கை’ என்று பெயர். வரிசையாகத் தொங்கவிட்ட பைகளில் மசாலாவை இட்டு, மதுவை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஊற்றி வடித்து, சுவை பார்த்துச் சரிசெய்வார்கள். இஞ்சி மிஞ்சினால் சினமோமால் தணி, சினமோம் மிஞ்சினால் சர்க்கரையால் தணி என்று 1508இல் அச்சான பரிமாறுவோர் கையேடு ஒன்று வழிகாட்டுகிறது. வடித்த சக்கையையும் எறியவில்லை. அது அடுக்களையில் குழம்புக்கு ஆகும் என்கிறார் ரஸ்ஸல். பெரிய வீடுகளில்கூட மசாலா எவ்வளவு கணக்காகச் செலவிடப்பட்டது என்பதற்கு இந்த ஒரு வரி போதும். விருந்து முடிந்து மேசை எடுத்தபின், மெல்லிய அப்பங்களோடு இதை அருந்துவது வழக்கம். செரிமானத்தை முடித்துவைக்கும் என்பது நம்பிக்கை. சாசரின் வணிகன் சொல்லும் கதையில் கிழ மணமகன் ஜனுவரி முதலிரவுக்கு முன் இப்போகிராஸை வேறொரு நோக்கத்தோடு குடிக்கிறான். மசாலாவின் சூடு ஆண்மையைக் கூட்டும் என்று அவன் எதிர்பார்த்தான்.

அந்தச் ‘சூடு’தான் மருத்துவத்தின் மையக் கருத்து. ஒவ்வொரு பொருளுக்கும் வெப்பம் அல்லது குளிர்ச்சி, வறட்சி அல்லது ஈரம் உண்டு என்ற, பண்டைக் கிரேக்க மருத்துவர் கேலனின் மரபில், பட்டை வெப்பமும் வறட்சியும் உடையது. ஆகவே குளிர்ந்த வயிற்றுக்கும், சளிக்கும், மந்தமான செரிமானத்துக்கும், ஈரத்தன்மை கொண்டதாகக் கருதப்பட்ட மீனுக்குத் துணையாகவும் அதைச் சேர்த்தார்கள். பல சரக்குகள் கலந்த தீரியாக் என்னும் நச்சுமுறி மருந்திலும் அது இடம்பெற்றது. இரண்டாம் ரிச்சர்டின் சமையல் நூலின் முன்னுரையே, மருத்துவ ஆசான்களின் ஒப்புதலோடு தொகுக்கப்பட்டதாகச் சொல்லிக்கொள்கிறது. அடுக்களைக்கும் மருந்துக்கடைக்கும் நடுவே அன்று சுவர் இல்லை.

16ஆம் நூற்றாண்டில் ‘கனெல்’ ஆங்கிலத்திலிருந்து மெல்ல மறைந்தது. 1611ஆம் ஆண்டின் அரச விவிலியத்தில், விக்ளிஃபின் ஆட்கள் கனெல் என்று எழுதிய இடங்களில் ‘சின்னமன்’ நிற்கிறது. வியப்பு என்னவென்றால், பட்டை ஐரோப்பாவுக்கு நேரடியாக வரத் தொடங்கிய காலமும் அதுதான். 1505இல் இலங்கைக்கு வந்த போர்த்துக்கீசியர் அதைக் ‘கனேலா’ என்றார்கள். அவர்களை விரட்டிய டச்சுக்காரர் ‘கனேல்’ என்றார்கள். பிரெஞ்சுக்காரரும் டேனியரும் சுவீடியரும் இன்றுவரை அதே சொல்லின் திரிபுகளைத்தான் சொல்கிறார்கள். கடைத்தெருச் சொல்லை முழுவதும் கைவிட்டு, கோயிலிலும் ஏட்டிலும் இருந்த பெயரையே மளிகைக் கடைக்கும் கொண்டுவந்தவர்கள் இவர்களுள் ஆங்கிலேயர் மட்டுமே.